சாய்த்துப் பதித்த ஒளி

ராவென்னாவின் பழைய தேவாலயங்கள் வெளியே எதையும் காட்டிக்கொள்வதில்லை. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, சின்னச் சின்ன ஜன்னல்கள், அவ்வளவுதான். ரோமிலும் ஃப்ளோரன்ஸிலும் பளிங்கு முகப்புகளைப் பார்த்துப் பழகிய கண்கள் இவற்றைக் கவனிக்காமலே கடந்துபோகக்கூடும். கட்டியவர்கள் தங்கள் செல்வம் முழுவதையும் உட்சுவரில் கொட்டியிருக்கிறார்கள். 5, 6ஆம் நூற்றாண்டுகளில் கண்ணாடிச் சில்லுகளால் அங்கே இழைத்த மொசைக் சித்திரங்கள்தான் இந்தச் சிறிய இத்தாலிய நகரத்தின் சொத்து. இவற்றுக்கு இணையான தொகுப்பு அந்தக் காலத்திலிருந்து வேறெங்கும் இவ்வளவு முழுமையாக எஞ்சவில்லை.

பொலோன்யாவிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். சமதரையான ஊர். எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம். அதனாலேயே பலர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். ஓவியத்தை ஒரு முறை நின்று நன்றாகப் பார்த்தால் பெரும்பகுதி கிடைத்துவிடும். மொசைக் அப்படியல்ல. காலையில் பார்த்த சுவர் மாலையில் வேறு சுவராக இருக்கும். நீங்கள் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தாலே அதுவும் உங்களோடு மாறும். இரண்டு இரவாவது தங்கி, ஒரே இடத்துக்கு வெவ்வேறு வேளைகளில் போனால்தான் இந்தக் கலை தன்னைக் காட்டும்.

இந்த ஊருக்கு ஏன் இத்தனை பொன் வந்தது? 402இல் மேற்கு ரோமப் பேரரசர் ஹொனோரியஸ் தலைநகரை மிலானிலிருந்து இங்கே மாற்றினார். சுற்றிலும் சதுப்பு நிலம், பக்கத்திலேயே கிளாஸே துறைமுகம். பகைவர் எளிதில் நெருங்க முடியாது, கடல் வழியோ திறந்திருக்கும். மேற்கு ரோம ஆட்சி 476இல் முடிந்தபின் கோத் அரசன் தியடோரிக் இங்கிருந்துதான் இத்தாலியை ஆண்டான். 540இல் கான்ஸ்டான்டிநோபிளின் படைகள் நகரைப் பிடித்தன. 751இல் லொம்பார்டியர்கள் வந்தார்கள். அதற்குப்பின் கடல் மெல்ல விலகியது, துறைமுகம் தூர்ந்தது, ஊர் ஒதுங்கிப்போனது. இந்த ஒதுக்கம்தான் சித்திரங்களைக் காப்பாற்றியது. கான்ஸ்டான்டிநோபிளில் 8ஆம் நூற்றாண்டில் திருவுருவங்களை அழிக்கும் இயக்கம் எழுந்தபோது அதன் கை இவ்வளவு தூரம் நீளவில்லை. பிறகு வந்தவர்களிடம் எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டும் அளவுக்குப் பணமும் இல்லை.

பார்ப்பதற்கு முன்பு செய்முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்மால்ட்டி என்பது உலோக ஆக்சைடு கலந்து உருக்கிய, ஒளி ஊடுருவாத நிறக் கண்ணாடி. கோபால்ட் சேர்த்தால் ஆழ்ந்த நீலம். செம்பு சேர்த்தால், சூளையில் காய்ச்சும் விதத்தைப் பொறுத்து, பச்சையோ சிவப்போ. உருகிய கண்ணாடியை அப்பம் போல வட்டமாக ஊற்றி ஆறவைத்து, மரக்கட்டையில் குத்தி நிறுத்திய உளியின் மேல் வைத்து, வளைந்த சுத்தியால் தட்டி உடைப்பார்கள். உடைந்த முகம்தான் பார்ப்பவரை நோக்கித் திரும்பும், ஏனென்றால் மினுக்கம் அங்கேதான் இருக்கிறது. பொன் சில்லு இன்னும் நுட்பமானது. கண்ணாடித் துண்டின் மேல் பொன்தாளை விரித்து, அதன் மேல் மிக மெல்லிய கண்ணாடிப் படலம் ஒன்றைச் சேர்த்து உருக்கி ஒட்டுவார்கள். பொன் காற்றுப் படாமல் நடுவில் அடைபட்டிருக்கும். 1,500 ஆண்டுகளாகியும் அது மங்காததற்கு இதுவே காரணம்.

சுவரில் சுண்ணாம்புச் சாந்தை இரண்டு மூன்று படலமாகப் பூசுவார்கள். கடைசிப் படலத்தை அன்று முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே பூசி, ஈரம் காய்வதற்குள் அதன் மேல் வண்ணத்தில் உருவத்தைத் தீட்டி, சில்லுகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்துவார்கள். இங்கேதான் கலை இருக்கிறது. ஒரு சில்லு சற்று உள்ளே போகும், அடுத்தது வெளியே துருத்தி நிற்கும், இன்னொன்று கீழ்நோக்கிச் சாயும். ஒவ்வொன்றும் வெளிச்சத்தை வெவ்வேறு திசைக்கு அனுப்பும். நம் ஊர் வீடுகளில் சலவைக்கல் சிப்ஸ் போட்டு, மெஷின் வைத்து இழைத்து வழவழப்பாக்கும் மொசைக் தரைக்கு நேர் எதிரான எண்ணம் இது. தரைக்குச் சமம் வேண்டும், இந்தச் சுவருக்கோ மேடுபள்ளம்தான் உயிர்.

19ஆம் நூற்றாண்டில், பாரிஸ் ஓபரா போன்ற பெரிய கட்டடங்களில் வேலை வேகமாக நடக்கவேண்டியிருந்தபோது, வேறொரு முறை பரவியது. சில்லுகளைக் காகிதத்தில் குப்புற ஒட்டிப் பட்டறையிலேயே முடித்து, தாள் தாளாகக் கொண்டுவந்து சுவரில் பதிப்பார்கள். மேற்பரப்பு தட்டையாக வரும். அப்படிச் செய்த பல சுவர்கள் வண்ணத்திலும் வரைவிலும் குறை சொல்ல முடியாதவை. ஆனால் எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். ராவென்னாவின் சுவரோடு ஒப்பிட்டால் அவை உறங்குகின்றன என்றே சொல்வேன்.

முதலில் கல்லா பிளாசிடியாவின் சமாதிக் கோயிலுக்குப் போங்கள். ஹொனோரியஸின் தாய் வேறான சகோதரி இவள். விசிகோத்துகள் பிடித்துச்சென்ற இந்த இளவரசி 414இல் அவர்களுடைய அரசன் அத்தாவுல்ஃபையே மணந்தாள். அவன் இறந்தபின் மீண்டுவந்து, பேரரசன் மூன்றாம் வாலென்டினியனின் தாயாக, மகனுக்காக ஆட்சி நடத்தினாள். 450இல் ரோமில் இறந்தாள். இங்கே அவள் அடக்கமாகவில்லை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சிலுவை வடிவில் குட்டையான செங்கல் கட்டடம் அது. உள்ளே நுழைந்ததும் சில நொடிகளுக்கு ஒன்றும் தெரியாது. ஜன்னல்களில் மெல்லிய அலபாஸ்டர் கல்தகடுகள் பொருத்தியிருக்கின்றன, அவற்றின் வழியே தேன்நிற வெளிச்சம் கசியும். கண் பழகப் பழகத் தலைக்குமேல் நீலம் விரியும். மாடத்தின் உச்சியில் பொற்சிலுவை, அதைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பொன் விண்மீன்கள். உச்சியை நெருங்க நெருங்க விண்மீன்கள் சிறுத்துக்கொண்டே போவதைக் கவனியுங்கள். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போன்ற தாழ்வான கூரைக்கு அந்த ஒரு உத்தியால் எல்லையற்ற ஆழம் வந்துவிட்டது. ஊரின் நிலம் தாழ்ந்துகொண்டே போனதால் தரையை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயர்த்தியிருக்கிறார்கள். எனவே இதைச் செய்தவர்கள் நினைத்ததைவிட அருகில் நாம் நிற்கிறோம். கட்டடக் கலைக்கு அது நட்டம். சில்லுகளைப் பார்க்க வந்த எனக்கு அது கொடை.

வாசலுக்கு மேலே, வெளியேறும்போது கண்ணில் படும்படி, நல்லாயனாகக் கிறிஸ்து. தாடியில்லாத இளைஞன், பொன்னாடை, கையில் இடையன் கோலுக்குப் பதிலாகப் பொற்சிலுவை. இரு புறமும் மும்மூன்று ஆடுகள். ஒரு பக்கம் உடல் திரும்பியிருக்க, கை மறுபக்கம் நீண்டு ஓர் ஆட்டின் முகவாயைத் தடவுகிறது. அந்த ஆட்டின் கம்பளியில் எத்தனை நிறம் என்று எண்ண முயன்று பாருங்கள். வெள்ளை என்று நாம் நினைப்பது சாம்பலும் மங்கிய பச்சையும் வெளிர் பழுப்புமாகப் பிரியும். தூரத்தில் நம் கண்ணே அவற்றைக் கலந்து வெள்ளையாக்கிக்கொள்கிறது. எதிர்ச்சுவரில் புனித லாரன்ஸ் தீ எரியும் இரும்புக் கட்டிலை நோக்கி விரைகிறார். பக்கத்தில் திறந்த அலமாரியில் நான்கு நற்செய்தி நூல்கள், ஒவ்வொன்றின் மேலும் பெயர். கூட்டம் அதிகமான நாட்களில் ஒரு குழுவுக்குச் சில நிமிடங்கள்தான் அனுமதிப்பார்கள். முடிந்தால் மதியத்துக்குமேல் இன்னொரு முறை நுழைவுக்குப் பதிந்துகொள்ளுங்கள்.

அதே வளாகத்தில் சில அடிகள் நடந்தால் சான் விட்டாலே. எண்கோண வடிவம். ஆயர் எக்லேசியுஸ் காலத்தில் தொடங்கி, யூலியானுஸ் என்ற வட்டிக்கடைச் செல்வரின் 26,000 பொற்காசுகளால் வளர்ந்து, 547இல் பேராயர் மாக்சிமியானுஸ் திருநிலைப்படுத்திய ஆலயம். மைய மாடத்தில் 18ஆம் நூற்றாண்டில் தீட்டிய ஓவியங்களைப் பார்த்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். நேரே பலிபீடப் பகுதிக்குப் போங்கள்.

இடச்சுவரில் கான்ஸ்டான்டிநோபிளின் பேரரசர் ஜஸ்டினியன், எதிரே பேரரசி தியோடோரா. ஜஸ்டினியன் ராவென்னாவுக்கு வந்ததே இல்லை. வராத அரசனை ஊரில் நிலையாக நிறுத்திவைப்பதுதான் இந்தச் சித்திரத்தின் வேலை. ஒருபுறம் அதிகாரிகளும் படைவீரர்களும், மறுபுறம் குருமார், நடுவே செந்நீல அங்கியில் அவர். அங்கே ஒருவர் தலைமேல்தான் பெயர் எழுதியிருக்கிறது. அது பேரரசரின் பெயர் அல்ல, மாக்சிமியானுஸின் பெயர். முதலில் அங்கே வேறோர் ஆயரின் முகம் இருந்தது, பிறகு மாற்றினார்கள் என்று சில்லுகளை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

இந்த உருவங்கள் விறைப்பானவை, உயிரற்றவை என்று பல நூல்கள் சொல்லிவிட்டன. நான் ஒப்பமாட்டேன். உடல்கள் அசையாமல் இருப்பது உண்மைதான். அசைவு முழுவதையும் ஒளியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பின்னணிப் பொன் ஓரிடத்தில் இருண்டு மற்றோரிடத்தில் எரியும். நீங்கள் நடந்தால் அந்த நெருப்பும் நடக்கும். அதன் நடுவே முகங்கள் மட்டும் நிலையாக நம்மைப் பார்க்கின்றன. முகங்களுக்கு மிகச் சிறிய சில்லுகளைத் தேர்ந்தெடுத்து, மூக்கின் வளைவையும் கன்னத்தின் உருட்சியையும் பின்தொடரும் வரிசைகளாக அடுக்கியிருக்கிறார்கள். தியோடோராவின் முத்துகளுக்கு உண்மையான முத்துச் சிப்பித் துண்டுகளையே பதித்திருக்கிறார்கள். கண்ணாடியின் கூர்மையான மினுக்கத்துக்கு நடுவே அந்தச் சிப்பியின் பால் ஒளி தனியாகத் தெரியும். அவளுடைய அங்கியின் கீழ்க்கரையில் காணிக்கை ஏந்தி வரும் மூன்று ஞானிகள். இந்த ஆலயம் நிறைவடைந்த மறு ஆண்டே, 548இல், அவள் இறந்தாள்.

சான்ட் அப்போலினாரே நுவோவோவில் வேறு வகை இன்பம். தியடோரிக் தன் அரண்மனை ஆலயமாகக் கட்டியது இது. நீண்ட நடுக்கூடத்தின் ஒரு சுவரில் 22 கன்னியர், எதிரில் 26 மறைசாட்சிகள் வரிசையாக நடக்கிறார்கள். ஓர் ஓரத்தில் கிளாஸே துறைமுகம், கப்பல்களோடு. எதிர் ஓரத்தில் அரண்மனை. அந்த அரண்மனையின் வளைவுகளில் வெள்ளைத் திரைகள் முடிச்சிட்டுத் தொங்குகின்றன. முன்பு அங்கே தியடோரிக்கின் அவையோர் இருந்திருக்கவேண்டும். கோத்துகள், கத்தோலிக்கர் ஏற்காத ஏரியுஸின் வழியைப் பின்பற்றிய கிறிஸ்தவர்கள். கான்ஸ்டான்டிநோபிளின் ஆட்சி வந்தபின், 561ஐ ஒட்டி, ஆலயம் கத்தோலிக்கருக்குக் கைமாறியபோது அந்த உருவங்களைப் பெயர்த்துவிட்டுத் திரைகளை இழைத்தார்கள். ஆனால் தூண்களின் மேல் படிந்திருந்த கைகளை விட்டுவிட்டார்கள். ஆள் இல்லாத கைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. தூணைப் பெயர்த்து மறுபடி இழைக்கும் உழைப்பு அந்த விரல்களுக்குத் தகாது என்று வேலைக்காரர்கள் நினைத்தார்களோ என்னவோ. எந்த வரலாற்று நூலையும்விட அந்த விரல்கள் ஆட்சி மாற்றத்தைத் தெளிவாகச் சொல்கின்றன. 1916இல் விமானக் குண்டு விழுந்து இந்த ஆலயத்தின் முகப்பு சிதைந்தது. அந்தக் கைகள் தப்பியதை எண்ணினால் இப்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

இரண்டு திருமுழுக்கு மண்டபங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒன்று கத்தோலிக்கருடையது, மற்றது ஏரியுஸ் வழியினருடையது. இரண்டு மாடங்களிலும் யோர்தான் ஆற்றில் நிற்கும் கிறிஸ்து, பக்கத்தில் கிழவன் வடிவில் ஆற்றுத் தெய்வம். பழைய ரோமின் தெய்வம் எப்படியோ கிறிஸ்தவ மாடத்துக்குள் இடம்பிடித்துவிட்டது. கத்தோலிக்க மண்டபத்தின் நடுப்பகுதியில் 19ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பாளர்களின் கை படிந்திருக்கிறது. திருமுழுக்கு அளிக்கும் யோவானின் கையிலுள்ள கிண்ணம் அவர்கள் சேர்த்தது. சுற்றி நிற்கும் திருத்தூதர்களையும் அந்த நடுப்பகுதியையும் மாறி மாறிப் பாருங்கள். நடுவில் ஒளி சற்றே சோம்பியிருப்பது தெரிந்தால் உங்கள் கண் தேறிவிட்டது.

1903இல் ஓவியர் குஸ்தாவ் கிளிம்ட் இந்த ஊருக்கு வந்தார். 1907இல் அவர் முடித்த அடேல் ப்ளோஹ்-பாவர் ஓவியத்தின் பொன்னில் தியோடோராவின் சாயலைக் காணாதவர் குறைவு. கிளிம்டின் பொன் அழகானது. ஆனால் அது தட்டையான துணியின் மேல் இருக்கும் பொன்.

கடைசி நாளுக்கு ஊருக்கு வெளியே உள்ள கிளாஸேயை வைத்துக்கொள்ளுங்கள். நகரப் பேருந்திலேயே போகலாம். துறைமுகம் இருந்த இடத்தில் இன்று வயல்கள், நடுவே 549இல் திருநிலைப்படுத்திய சான்ட் அப்போலினாரே ஆலயம். மற்ற இடங்களில் நீலமும் பொன்னும் ஆள்கின்றன, இங்கே பச்சை. புல்வெளி, பாறை, மரங்கள், பறவைகள், வெண்மலர்கள், நடுவே கைவிரித்து நிற்கும் ஆயர், இருபுறமும் ஆடுகள். மேலே நீல வட்டத்தில் 99 விண்மீன்கள், மணி பதித்த பெரிய சிலுவை. அதன் நடுவில் காசளவே தோன்றும் கிறிஸ்துவின் முகத்தைப் பலர் காணாமலே திரும்புகிறார்கள். சிறிய தொலைநோக்கி ஒன்று பையில் இருக்கட்டும். பக்கச் சுவர்களில் பெரிய ஜன்னல்கள் இருப்பதால், கல்லா பிளாசிடியாவில் கசிந்த ஒளி இங்கே பெருகிப் பாய்கிறது. அதே கைத்தொழில் நிழலில் என்ன செய்யும், வெளிச்சத்தில் என்ன செய்யும் என்பதை இந்த இரண்டு இடங்களையும் பார்த்தவர் மட்டுமே அறிவார்.

மாலையில் கவிஞர் டான்டேயின் கல்லறைப் பக்கம் நடக்கலாம். 1321இல் இங்கேதான் அவர் இறந்தார். அருகிலுள்ள சான் ஃப்ரான்செஸ்கோவின் நிலவறையில் நிலத்தடி நீர் தேங்கி, பழைய மொசைக் தரைக்கு மேல் பொன்மீன்கள் நீந்துகின்றன. பசித்தால் பியாதினா, கோதுமை மாவில் தட்டையாகச் சுடும் ரொட்டி. ஸ்குவாக்குவெரோனே என்ற இளகிய பாலாடைக்கட்டியோடு சாப்பிடுங்கள்.

தெருக்களில் மொசைக் பட்டறைகளும் உண்டு. கதவு திறந்திருந்தால் உளியும் சுத்தியும் கண்ணாடியை உடைக்கும் சத்தம் கேட்கும். கல்லா பிளாசிடியாவின் புறாவையோ விண்மீனையோ நகலெடுத்து விற்கிறார்கள். நல்ல நகலைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. அனுமதி கேட்டு மேற்பரப்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் வைத்துவிடுங்கள். நான்கைந்து இடத்தில் விரல் தடுக்கினால் விலையைக் கேளுங்கள்.