பிடில் சிரிக்கலாமா?

பிடில் வாசிப்பவர் சிரிக்கலாமா? கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால் குன்னக்குடி வைத்தியநாதனைப் பற்றிப் பேச்சு எழுந்த இடங்களிலெல்லாம் ரஸிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தது இதில்தான். நெற்றி நிறைய விபூதி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு, வில் ஏறும்போது கூடவே ஏறும் புருவம், தவில்காரரைப் பார்த்து ஒரு கண் ஜாடை. "இது சங்கீதமா, வேடிக்கையா?" என்று ஒரு கட்சி முகம் சுளிக்கும். "சங்கீதத்தில் வேடிக்கை இருந்தால் என்ன குடி முழுகிப் போயிற்று?" என்று மற்றது கேட்கும். நான் இரண்டாவது கட்சி; ஆனால் ஒரு நிபந்தனையோடு.

மேல்நாட்டு வாத்தியமான பிடிலைப் பாலுஸ்வாமி தீக்ஷிதரும் தஞ்சை வடிவேலுவும் நம் சங்கீதத்துக்குப் பழக்கினார்கள். பிறகு அதற்குக் கிடைத்த உத்தியோகம், பாட்டுக்காரரின் நிழலாக இருப்பது. நல்ல நிழலுக்குச் சொந்த முகம் கிடையாது. துவாரம் வெங்கடஸ்வாமி நாயுடு அதைத் தனிக் கச்சேரிக்கு உரிய வாத்தியமாக நிமிர்த்தினார். லால்குடி ஜெயராமன் அதைப் பாட வைத்தார். அவர் வாசிப்பில் ஸாஹித்யத்தின் எழுத்துக்களே காதில் விழும். 1935-இல் பிறந்த குன்னக்குடியும் பெரிய வித்வான்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்து வளர்ந்தவர்தான். தனியாக உட்கார்ந்தபோது அவர் பிடிலைப் பேச வைத்தார். பேச்சில் குத்தல் உண்டு, கொஞ்சல் உண்டு, பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்பவன் முகத்தைப் பார்ப்பதும் உண்டு.

எங்கள் திருப்பூரில் இதை விளக்குவது சுலபம். தறித் துணியில் பாவும் ஊடும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து விறைப்பாக நிற்கும். பனியன் துணியிலோ நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகிறது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய அளவுக்கு வந்துவிடும். பாட்டும் பக்கவாத்தியமும் சேர்ந்த கச்சேரி தறித் துணி. தனிப் பிடில் பனியன் துணி. நீளுவதில்தான் அதன் சுகம். ஆனால் இழுத்த பிறகு திரும்பாத பனியனை எந்தப் புத்திசாலியும் வாங்கமாட்டான்.

ஹாஸ்யம் இந்த நீட்சிதான். ஷட்ஜத்துக்கு வந்துவிட்டதுபோல் பாவனை செய்து, ஒரு மயிரிழை முன்னால் நின்று, ஊரைச் சுற்றிக்கொண்டு பிறகு வந்து சேருவது ஹாஸ்யம். வலங்கைமான் சண்முகசுந்தரத்தின் தவிலை நோக்கி ஒரு குறும்புக் கேள்வியை வில்லால் வீசி, வந்த பதிலில் திருப்தியில்லாதவர்போல் மறுபடி கேட்பதும் ஹாஸ்யம். ராகமும் தாளமும் கைவசமாகாதவன் இப்படி விளையாட முடியாது.

சினிமாப் பாட்டை அப்படியே வாசித்து, 'தெரிந்த பாட்டு' என்ற சந்தோஷத்தில் எழும் கரகோஷத்தை வாங்குவது வேறு ரகம். அந்தக் கைதட்டல் பாட்டுக்குச் சேரும், வில்லுக்குச் சேராது. இதற்கு அவர் சில சமயம் அதிக இடம் கொடுத்தார் என்பது என் மனக்குறை. இத்தனைக்கும் சினிமாவிலேயே என்ன செய்யலாம் என்று காட்டியவர் அவர். 1972-இல் வந்த 'தெய்வம்' படத்தில் மருதமலை முருகன்மேல் மதுரை சோமு பாடும் பாட்டு அவர் இசையமைத்தது. கச்சேரி வித்வானின் கனம் சிறிதும் குறையாமல் அந்தப் பாட்டு கொங்கு நாட்டின் டீக்கடை வரை இறங்கி வந்தது.

இறங்கி வந்தது என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு நின்றுவிட்டு வருகிறவனிடம், "கற்றுக்கொண்டு வா" என்று சொல்லும் சங்கீதம் ஒன்று. "உட்காரப்பா" என்று சொல்லும் சங்கீதம் ஒன்று. இன்று இங்கே தெற்கத்தி ஜில்லாக்காரர்களும் பீகார், ஒரிஸ்ஸாக்காரர்களும் பக்கத்துப் பக்கத்து மிஷினில் நிற்கிறார்கள். வார்த்தையில்லாத பிடிலுக்கு இவர்களிடம் பாஷைத் தடை இல்லை, சிரிப்புக்கும் இல்லை. சிரிப்பதற்காக உட்கார்ந்தவன் ராக ஆலாபனை முடியும் வரை எழுந்திருக்காமல் இருந்தான் என்றால், அது சங்கீதத்துக்குச் செய்த தொண்டுதானே?

நிபந்தனை என்றேனே, அது இதுதான். 2008-இல் குன்னக்குடி காலமானார். ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் விபூதியும் தெரியாது, புருவமும் தெரியாது. ஒன்றை எடுத்துக் கேளுங்கள். அப்போதும் உங்கள் உதட்டில் ஒரு புன்னகை அரும்பினால், அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் இருந்ததல்ல, வில்லில் இருந்தது என்று நிச்சயமாக நம்பலாம். நான் கேட்டவரையில் பல இடங்களில் அரும்புகிறது.