கொல்லிப் போரும் வீட்டிலிருந்த பெண்ணும்

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் ஆகாய கங்கையில் நீராடி, அறப்பளீசுவரரைத் தரிசித்து, செம்மேட்டில், அம்மலையை ஆண்ட வல்வில் ஓரியின் சிலையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்களே ஒழிய, ஓரி மடிந்த அந்த யுத்தகாலத்தில் வீட்டிலிருந்த இளம்பெண்ணைப் பற்றி நம் கவிகள் என்ன சொன்னார்கள் என்று கேட்பவர் எவரையும் காணோம் என்பது என் நெடுநாளைய ஆதங்கம். சங்கப் பாட்டு பண்டிதர் விவகாரம் என்று அஞ்ச வேண்டாம். காதலர் பெயரைச் சொல்லாதது அகம், அரசர் பெயரைச் சொல்லிப் போரையும் கொடையையும் பாடுவது புறம். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

கல்லாடனார் பாடிய அகநானூறு 209ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தலைவன் வேங்கடத்துக்கு அப்பால் போய்விட்டான். தலைவியின் தோளழகு தொலைந்தது, தாய் துயருறுகிறாள், ஊரார் தூற்றும் அலரோ பாண்டியன் எழுவரை வென்ற தலையாலங்கானத்துப் போர் ஆரவாரத்தினும் பெரிதாயிருக்கிறது என்று அழாதே என்கிறாள் தோழி. காரி என்ற மன்னன் ஓரியைக் கொன்று சேரருக்கு அளித்த, பலா மலிந்த கொல்லியில் தெய்வம் ஆக்கிய பாவை போன்ற உன் அழகை மறந்து அவன் அங்கே தங்கிவிடமாட்டான் என்றும் தேற்றுகிறாள். இரண்டு பெரும்போர்களும் ஒரு பெண்ணின் கவலையை அளக்கும் படிகளாகிவிட்டன! ஓரியின் முடிவுக்குச் சான்று கிடைத்ததென்று சில அடிகளை மட்டும் கத்தரித்துக்கொண்டு அவளைக் கைவிடும் சரித்திர ஆராய்ச்சி எனக்குச் சிறிதும் சம்மதமில்லை.

இனி, ரசிகன் ஒருபோதும் விடக்கூடாத பேதம் ஒன்று உண்டு: ஆற்றிக் காத்து இருத்தல் வேறு, நொந்து இரங்கல் வேறு, முன்னது முல்லைத் திணை, பின்னது நெய்தல் திணை. நப்பூதனாரின் முல்லைப்பாட்டில், 103 அடிக்குள், போருக்குப் போன அரசனுக்காக அரசி காத்திருக்கிறாள்; அவளுக்காக முதுபெண்டிர் நெல்லும் முல்லையும் தூவி நற்சொல் கேட்டு நிற்க, குளிரில் தோள்மேல் கைகட்டிய ஆயர்மகள் ஒருத்தி, 'உன் தாய்மார் இதோ வந்துவிடுவர்' என்று கன்றைத் தேற்றுகிறாள். போரைப் பற்றி அவள் ஒரு சொல்லும் பேசவில்லை, ஆயினும் அரசியின் வீட்டுக்கு அதுவே நிமித்தமாகிறது. அரசி அழுகிறாள், அழுதும், நெஞ்சைத் தேற்றிக்கொண்டு, கழலும் வளையைத் திருத்திக்கொள்கிறாள். அந்த ஒரு செய்கையில்தான் இருத்தல் முழுவதும் அடங்கியிருக்கிறது. கண்ணீரைக் கண்டதும் சோகரசம் என்று தீர்ப்பெழுதுகிறவர்கள் வளையைக் காணாதவர்கள். பாட்டின் வரிசையிலும் இதே கவனம் வேண்டும்: பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியரே இப்பாட்டின் அடிகளை முன்பின்னாக மாற்றிப் பொருள்கொண்டார். 1903இல் மறைமலையடிகள் அதை மறுத்து, கிடந்த வரிசையிலேயே உரை கண்டார். நான் மறைமலையடிகள் பக்கம்.

உங்களிடம் அந்தரங்கமாகச் சொல்கிறேன்: மகனைக் களத்துக்கு அனுப்பிய மறத்தாயையே மேடைதோறும் முழக்கும் பிரசங்கங்கள் எனக்கு அலுத்துவிட்டன. அனுப்பிய மறுநாள் முதல், போனவன் திரும்பும் கார்காலம் வரையில் அந்த வீட்டில் நடப்பதைச் சொல்ல அந்தப் பிரசங்கிகளுக்குப் பொறுமையில்லை. நீங்கள் முதலில் 209ஐ உரையைத் தொடாமல் இருமுறை வாய்விட்டு வாசியுங்கள். புரியாத இடத்துக்கு வேங்கடசாமி நாட்டார் உரை இருக்கிறது. முல்லைப்பாட்டுக்கு அதன்பின் போகலாம்.