களிமண் சொல்லும் இடைவெளி

2004 சுபாரு இம்ப்ரெசா எஸ்டிஐ காரின் பிரெம்போ பிரேக் காலிப்பர் பார்க்கவே அழகு. முன்சக்கரத்தின் 326 மி.மீ. டிஸ்க்கை இரு பக்கமிருந்தும் நான்கு பிஸ்டன்கள் அழுத்துகின்றன. சாதாரணக் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான். மறுபக்க பேடை அழுத்தக் காலிப்பரே நகர்ந்தாக வேண்டும். இதுவோ அசையாமல் நின்று பிடிக்கிறது. டிஸ்க் பெரிதாக இருப்பதால் சூட்டையும் கூடுதலாகத் தாங்குகிறது.

இந்தக் காலிப்பரையே அக்கால இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் காரில் பொருத்த நினைப்பவர், அதன் 16 அங்குலச் சக்கரத்தை விட்டு 17 அங்குலத்துக்குப் போக வேண்டும். அளவு மட்டும் போதாது. ஆரக்கால் உட்பக்கமாக வளைந்திருந்தால் காலிப்பரின் முகத்தில் உரசும்.

அதைக் கண்டறியும் முறைதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. காலிப்பர்மேல் கொஞ்சம் களிமண்ணை அப்பி, சக்கரத்தை மாட்டி, நட்டுகளை முறுக்கி, கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றுவார்கள். கழற்றினால், சீவியதுபோக மிஞ்சிய களிமண்ணின் தடிமனே உண்மையான இடைவெளி. சில மில்லிமீட்டராவது வேண்டும். ரிம்மின் உட்புறம் ஒட்டும் பேலன்ஸ் எடைக்கும் அதில் இடம் கிடைக்க வேண்டும்.

விலையுயர்ந்த பாகத்தை யாரும் வாங்கிவிடலாம். பொறுமையாக அளவெடுக்கும் இந்தக் கைதான் அதற்குத் தகுதி சேர்க்கிறது.