சாக்கடை கரண்ட்: ஒரு சின்னக் கணக்கு

"சாக்கடையிலிருந்து மின்சாரம்" என்று செய்தி வந்தாலே நான் கால்குலேட்டரை எடுத்துவிடுவேன். ஆயிரம் லிட்டர் வீட்டுக் கழிவுநீரில் சி.ஓ.டி. (அதாவது கழிவை எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) சுமார் அரை கிலோ. பாக்டீரியா கழிவைத் தின்று எலக்ட்ரான் மொத்தத்தையும் ஆனோடில் கொட்டினாலும், 0.4 வோல்ட்டில் கிடைப்பது 0.67 யூனிட். நிஜத்தில் அதில் ஒரு பங்குதான் தேறும்.

2007-ல் ஆஸ்திரேலியாவின் யட்டாலா பீர் ஆலையில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் சுமார் ஆயிரம் லிட்டர் அளவில் வைத்துப் பார்த்தது. கழிவுநீரின் மின்கடத்துதிறன் குறைவு. கரண்ட் எதிர்பார்த்த மாதிரி வரலை. மின்முனைகள் விலக விலக உள்மின்தடை ஏறும். சர்வரைக் கூட்டுற மாதிரி இல்லைங்க இது.

செய்திகள் விட்டுவிடுவது வேறொன்று. வழக்கமான சுத்திகரிப்பு ஆலையில் கரண்ட் செலவில் பாதியளவு காற்று ஊதவே போகுது. ஆனோடில் வாழும் பாக்டீரியாவுக்கு அந்தக் காற்றே வேண்டாம். அந்த மிச்சத்தைத் தலைப்பில் போட்டிருந்தா நானும் கால்குலேட்டரைத் தொட்டிருக்க மாட்டேன்.