பெரிய டேங்க் அமரும் விதம்

பழைய நெடும்பயண மோட்டார் சைக்கிளான பி.எம்.டபிள்யூ ஆர்80 ஜி/எஸ்ஸில், 19.5 லிட்டர் பெட்ரோல் டேங்கைக் கழற்றிவிட்டு, பாரிஸ்–டக்கார் வகைக்குரிய 32 லிட்டர் டேங்கை ஏற்றுவது வெறும் மாற்றுவேலையாகத் தோன்றினாலும், அதில் விரல்நுனியின் பக்குவம் முழுவதும் வெளிப்படுகிறது. வண்டிச் சட்டகத்தின் முதுகெலும்பாக ஓடும் குழாயின்மீது, குதிரையின் முதுகில் சேணம் அமர்வதுபோல, டேங்க் இருபுறமும் இறங்கி உட்கார வேண்டும். முன்பக்க ரப்பர் தாங்கிகளில் சோப்புநீர் தடவி, பின்புறத்தைச் சற்றே உயர்த்தி மெல்லத் தள்ளும்போது, ரப்பர் முதலில் முரண்டுபிடித்துப் பின் இணங்கி உள்வாங்கும் அந்தச் சிறு ஓசையே தேர்ந்த மெக்கானிக்குக்குப் போதுமானது. அடியில் செல்லும் ஆக்சிலரேட்டர் கேபிளும் மின்கம்பிகளும் நசுங்கவில்லை என்பதை அவர் கண்ணால் மட்டும் நம்புவதில்லை. ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பி, விரல்களால் தடவித் தடவி உறுதிசெய்கிறார்.

பெட்ரோல் ஊற்றும்போது எழும் ஒலி தனி இன்பம் தருவது: வெற்றுத் தகட்டில் கணீரென்று தொடங்கி, மட்டம் ஏற ஏற மழுங்கிக் கனக்கிறது. டேங்க் நடுவில் பிளவுபட்டிருப்பதால் அடிமட்டப் பெட்ரோல் இருபக்கமும் தனித்தனியே தேங்கும். ஆகவே இடமும் வலமும் உள்ள இரு டேப்புகளையும் திறந்து, ரப்பர் குழல் வழியே கார்புரேட்டரின் மிதவைக்கிண்ணம், அதாவது எரிபொருளைச் சிறிதளவு சேர்த்துவைக்கும் அறை, நிறைவதைப் பார்த்தபின், இணைப்புகளைச் சுற்றி உலர்ந்த விரலை ஓட்டிக் கசிவைத் தேடுகிறார். நிறைந்த டேங்க் ஏறத்தாழ 9 கிலோ கூடுதலாகச் சுமக்கும் என்பதால், முன்சக்கரத்தின் ஸ்பிரிங்கை அழுத்தி அது எழும்பும் வேகத்தையும் கவனிக்கிறார்.