ஆர்ச்சர்ஸ்: ஒரு கூட்டுக் கணக்கு

சென்ற ஆண்டு இதே பத்திரிகையில் ‘தி ரெட் ஷூஸ்’ படத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதில் பதினொரு இடங்களில் ‘பவலின் படம்’ என்றோ ‘இங்கே பவல்’ என்றோ வருகிறது. எமெரிக் பிரஸ்பர்கரின் பெயர் ஒரே ஒரு தடவை, அதுவும் அடைப்புக்குறிக்குள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. நம் வட்டத்தில் ஒரு காற்புள்ளிக்காக மூன்று மணி நேரம் சண்டை போடுகிறவர்கள் உண்டு. அவர்களும் சும்மா இருந்துவிட்டார்கள். சமீபத்தில் ஆர்ச்சர்ஸ் கம்பெனியின் படங்களை ஏறக்குறைய வரிசையாகப் பார்த்து முடித்தபோது, நான் எழுதியது தவறு என்று பட்டது. தகவல் பிழை என்றால் ஒரு வரியில் திருத்தம் போட்டுவிடலாம். இது பார்வையில் உள்ள பிழை.

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “கதை எழுதுகிறவன் கொடுப்பது சரக்கு. உருவம் டைரக்டருடையது. உருவம்தான் கலை என்று இத்தனை வருஷமாக நாமே எழுதிவிட்டு இப்போது பின்வாங்குவதா?” என்றார். பின்வாங்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தச் சித்தாந்தம் நம்முடையது அல்ல, பிரான்ஸிலிருந்து வந்தது. 1954இல் த்ரூஃபோ ‘காயே து சினேமா’வில் எழுதிய பிரசித்தமான கட்டுரையின் அம்புகள் முக்கியமாகத் திரைக்கதை ஆசிரியர்களைக் குறிவைத்தவை. அன்றைய பிரெஞ்சு சினிமாவுக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். அந்த மருந்தை எல்லா நோய்க்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆர்ச்சர்ஸ் விஷயத்தில் இதைவிடப் பொருத்தமற்ற மருந்து கிடையாது. படம் தொடங்குமுன் வட்டமான அம்புக்குறிப் பலகை ஒன்று வரும். ஏற்கெனவே சில அம்புகள் அதில் குத்தி நிற்கும். இன்னொன்று வந்து நடுவில் பாயும். பிறகு, எழுதித் தயாரித்து இயக்கியவர்கள் மைக்கேல் பவல், எமெரிக் பிரஸ்பர்கர் என்று ஒரே வரி. யார் எதைச் செய்தார் என்று பிரித்துச் சொல்ல அவர்கள் மறுத்துவிட்டார்கள். 1942இல் வந்த ‘ஒன் ஆஃப் அவர் ஏர்கிராஃப்ட் இஸ் மிஸ்ஸிங்’ தொடங்கி இந்தக் கூட்டுக் கையெழுத்து வருகிறது. கம்பெனி முறைப்படி ஏற்பட்டது 1943இல், கலைந்தது 1957இல்.

பவல் 1905இல் கென்ட் மாகாணத்தில் காண்டர்பரி அருகே பிறந்தவர். பதினேழு வயதில் நேஷனல் ப்ராவின்ஷியல் வங்கியில் குமாஸ்தா ஆனார். மூன்று வருஷம் பேரேடு எழுதிவிட்டு 1925இல் நீஸ் நகரில் ரெக்ஸ் இங்ரமின் ஸ்டூடியோவுக்கு ஓடிவிட்டார். (இந்த இடத்தைப் படிக்கும்போது என் மனநிலை என்ன என்பதை விவரிக்கத் தேவையில்லை.) பிரஸ்பர்கர் 1902இல் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸில் பிறந்த யூதர். பெர்லினில் ஊஃபா நிறுவனத்துக்கு எழுதினார். 1933இல் பாரிஸுக்கும், 1935இல் லண்டனுக்கும் தப்பிப் போனார். ஹங்கேரியன், ஜெர்மன், பிரெஞ்சு என்று கடந்து வந்து, முப்பது வயதுக்கு மேல் கற்ற ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியவர். இருவரையும் சேர்த்து வைத்த அலெக்ஸாண்டர் கோர்டாவும் ஒரு ஹங்கேரியர்தான். ‘தி ஸ்பை இன் ப்ளாக்’ (1939) படத்துக்கான ஆலோசனைக் கூட்டத்தில், குட்டையான இந்த மனிதர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு காகிதச் சுருளை எடுத்து மொத்தக் கதையையும் தலைகீழாக மாற்றிப் படித்ததையும், தான் மயங்கிக் கேட்டுக்கொண்டிருந்ததையும் பவலே சுயசரிதையில் சொல்கிறார். பவலுக்கு இந்த விஷயத்தில் எந்தக் கஞ்சத்தனமும் இருந்ததில்லை. கஞ்சத்தனம் விமர்சகர்களுடையது.

1942இல் நடிகை வெண்டி ஹில்லருக்கு ஒரு படத்தில் நடிக்கக் கேட்டு எழுதிய கடிதத்தில் கம்பெனியின் கொள்கையை ஐந்து அம்சங்களாகப் பிரஸ்பர்கர் வகுத்துக் கொடுத்தார். முதல் அம்சம் நமக்கு அதிர்ச்சி தரக்கூடியது. பணம் போடுகிறவருக்கு நஷ்டம் வராமல் லாபம் வரச் செய்வது எங்கள் பொறுப்பு, அவரைத் தவிர வேறு யாருக்கும் நாங்கள் கட்டுப்பட்டவர்கள் அல்ல என்பது அதன் சாரம். அடுத்தது, படத்தின் ஒவ்வொரு அடியும் எங்கள் பொறுப்பு, அதன் நிறைகுறைகள் எங்கள் தலையிலேயே விடியும் என்பது. சிறுபத்திரிகைக்காரர்களான நாம் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லமாட்டோம். காசை ஒப்புக்கொண்டால் சுதந்திரம் போய்விடும் என்று ஒரு பயம். மாவு மில் முதலாளியும் மெதடிஸ்ட் பக்தருமான ஜே. ஆர்தர் ராங்க் பணம் கொடுத்தார். சில வருஷங்கள் நிஜமாகவே தலையிடாமல் இருந்தார். அந்தச் சில வருஷங்களில்தான் இவர்களுடைய முக்கியமான படங்கள் வந்தன.

‘தி லைஃப் அண்ட் டெத் ஆஃப் கர்னல் ப்ளிம்ப்’ (1943) படத்தில் சற்று நிற்க வேண்டும். கிளைவ் காண்டி என்ற ஆங்கில அதிகாரி, தியோ என்ற ஜெர்மன் அதிகாரி. 1902இல் பெர்லினில் இருவரும் வாட்சண்டை போட வேண்டியிருக்கிறது. சண்டையின் விதிகளைப் படிக்கிறார்கள், தளத்தை அளக்கிறார்கள், சட்டைக் கையைச் சரி செய்கிறார்கள், நேரம் பார்க்கிறார்கள். இத்தனை ஆயத்தத்துக்குப் பிறகு வாட்கள் மோதத் தொடங்கியதும் கேமரா மேலே எழுந்து, கூரையைக் கடந்து, பனி கொட்டும் வெளிக்குள் போய்விடுகிறது. சண்டையை நாம் பார்ப்பதில்லை. கீழே தெருவில் ஒரு வண்டியில் ஒரு பெண் காத்திருக்கிறாள். என் நண்பர் இதை உருவம் என்பார், பவலுடையது என்பார். சரி. ஆனால் எதிரிகள் இருவரும் நண்பர்களாகப் போகும் நாற்பது வருஷக் கதையில் அந்தச் சண்டையின் வெற்றி தோல்விக்கு அர்த்தமே இல்லை என்ற தீர்மானம் எங்கே பிறந்தது? அது திரைக்கதையின் அடித்தளத்திலேயே இருக்கிறது. கூரையைக் கடந்த கேமராவுக்குப் போக வழி வைத்தது எழுத்து.

இதற்கு நேர்மாறான இடம் படத்தின் பிற்பகுதியில் வருகிறது. முதியவனாகிவிட்ட தியோ, நாஜி ஜெர்மனியிலிருந்து ஓடி வந்து லண்டன் அதிகாரி முன் உட்கார்ந்து, தான் ஏன் வந்தேன் என்று சொல்கிறான். மனைவி இறந்துவிட்டாள். மகன்கள் நாஜிகள். செத்துப்போன ஆங்கில மனைவியின் ஊர்ப்புறம் நினைவில் வந்துகொண்டே இருந்தது. இந்த நீண்ட பேச்சில் ஒரு வெட்டுகூட இல்லை. கேமரா ஏறக்குறைய மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தியோவாக நடித்த ஆண்டன் வால்ப்ரூக்கும் அகதி, எழுதியவரும் அகதி, போர்க்காலத்தில் எதிரிநாட்டு அன்னியர் என்று பதிவானவர். கூரையைப் பிளந்துகொண்டு போகத் தெரிந்த டைரக்டர், இங்கே எதுவும் செய்யாமல் இருக்கிறார். சும்மா இருந்த அந்தக் கேமராவும் உருவம்தான். அதில் யாருடைய பங்கு எவ்வளவு என்று எந்தத் தராசில் நிறுப்பது?

இந்தப் படத்தைத் தடுக்க சர்ச்சில் முயன்றார் என்பது தெரிந்த செய்தி. லாரன்ஸ் ஒலிவியரைக் கடற்படை விமானப் பிரிவிலிருந்து விடுவிக்க மறுத்தார்கள். ரோஜர் லிவ்ஸி நடித்தார், நல்லதாகப் போயிற்று. போரின் நடுவில், நல்ல ஜெர்மானியன் ஒருவனை மையத்தில் வைத்து, ஆங்கிலக் கனவானின் நியாய உணர்வைப் பரிவோடு கேலி செய்த படம் அது. பிரசாரம் என்ற சொல்லைக் கேட்டாலே மூக்கைச் சுளிக்கும் நாம் யோசிக்க வேண்டிய விஷயம். தகவல் அமைச்சகத்தின் பணமும் சேர்ந்த ‘ஃபார்ட்டி நைன்த் பாரலல்’ (1941) படத்திலும், கனடாவில் ஒதுங்கிய நாஜிக் கப்பற்படையினரில் ஒருவன் ரொட்டி சுடுகிறவனாக அங்கேயே தங்கிவிட ஆசைப்பட்டு, சொந்தத் தலைவனால் சுடப்பட்டுச் சாகிறான். மூலக்கதைக்கான ஆஸ்கார் பரிசு பிரஸ்பர்கருக்குக் கிடைத்தது.

‘எ காண்டர்பரி டேல்’ (1944) எனக்குப் பிடித்தது, ஆனால் அதன் மையத்தில் உள்ள விசித்திரக் குற்றத்தை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ‘ஐ நோ வேர் ஐ’ம் கோயிங்’ (1945) கலர் கேமராவுக்காகக் காத்திருந்த இடைவெளியில், ஒரு வாரத்துக்குள் பிரஸ்பர்கர் எழுதி முடித்தது. ‘எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்’ (1946) பூமியைக் கலரிலும் மறுஉலகத்தைக் கறுப்பு வெள்ளையிலும் காட்டுகிறது. சொர்க்கம் ஓர் அலுவலகம், கணக்குத் தவறியதால் பிரச்னை. எனக்கு இது புரிவதற்கு உரை வேண்டாம்.

‘ப்ளாக் நார்சிஸஸ்’ (1947) பற்றி எனக்கு மனக்குறை உண்டு. ரூமர் காடனின் நாவல். இமயமலையில் ஒரு பழைய அரண்மனையில் கிறிஸ்தவக் கன்னியாஸ்திரீகள். மலை முழுக்க பைன்வுட் ஸ்டூடியோவில், கண்ணாடியில் தீட்டிய ஓவியங்களில் இருக்கிறது. ஜாக் கார்டிஃபின் ஒளிப்பதிவும் ஆல்ஃப்ரெட் யூங்கின் அரங்க அமைப்பும் ஆஸ்கார் பெற்றவை, அதில் விவாதமில்லை. நிஜ இமயத்துக்குப் போகாததையும் நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த மலை அந்தப் பெண்களின் மனத்தில் உள்ள மலை. ஆனால் மலைவாசிப் பெண்ணாக ஜீன் சிம்மன்ஸ் உடம்பெல்லாம் பழுப்பு மை பூசிக்கொண்டு வளைந்து நெளியும்போது, எதிரியைக்கூட மனிதனாகப் பார்த்த கம்பெனி இதுதானா என்று கேட்கத் தோன்றுகிறது. மைசூர்ப் பக்கத்து யானைப்பாகன் மகன் சாபு இளம் ஜெனரலாக நகைகளும் வாசனைத் தைலமுமாக வருகிறார். தியோவுக்குக் கிடைத்த ஒரு நிமிஷ மௌனம் அவருக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் கன்னியாஸ்திரீகள் மலையை விட்டு இறங்க, மழை இலைகளின்மேல் விழத் தொடங்குகிறது. படம் வெளிவந்தது இந்தியச் சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பு. அந்த இறக்கத்தை இதோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

‘தி ரெட் ஷூஸ்’ (1948) போட்டுக் காட்டியபோது ராங்க் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போய்விட்டார். அதை விளம்பரமில்லாமல் தள்ளிவிட்டார்கள். நியூயார்க்கில் ஒரு சிறு தியேட்டரில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஆர்ச்சர்ஸ் ராங்கை விட்டு மறுபடி கோர்டாவிடம் போனார்கள். ‘தி டேல்ஸ் ஆஃப் ஹாஃப்மன்’ (1951) தவிர்த்துப் பிற்காலப் படங்களில் அந்தப் பழைய துணிச்சல் எனக்குத் தெரியவில்லை. 1957இல், பெரிய சண்டை எதுவும் இல்லாமல், பிரிந்தார்கள்.

பிரிந்த பிறகு நடந்ததுதான் என் கட்சிக்குச் சாட்சி. 1960இல் பவல் ‘பீப்பிங் டாம்’ எடுத்தார். பெண்களைக் கொன்று அவர்கள் பயத்தைப் படம்பிடிக்கும் கூச்ச சுபாவி ஒருவன்மேல் நமக்குப் பரிவு வரும்படி எடுத்தார். விமர்சகர்கள் அவரைக் கிழித்துப் போட்டார்கள். 1966இல் பிரஸ்பர்கர் ‘தி கிளாஸ் பேர்ல்ஸ்’ என்ற நாவலை வெளியிட்டார். லண்டனில் பியானோ சுருதி சேர்த்துப் பிழைக்கும் ஒரு சாது மனிதன். அவன் தலைமறைவாக வாழும் நாஜி டாக்டர். கதை முழுக்க அவன் பயத்துக்குள்ளிருந்து நகர்கிறது. ஆஷ்விட்ஸில் தாயை இழந்தவர் எழுதியது இது. அந்த நாவல் ஏறெடுத்துப் பார்க்கப்படாமல் போயிற்று. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் மறுபதிப்பு வந்தது. தனித்தனியே, ஆறு வருஷ இடைவெளியில், இருவரும் ஒரே மனிதனைப் பார்த்திருக்கிறார்கள். தியோவிடம் ஆரம்பித்த பார்வையின் இருண்ட பக்கம் அது. இதில் ஒருவர் சரக்கு, ஒருவர் உருவம் என்று எப்படிச் சொல்ல?

வங்கியில் கூட்டுக் கணக்கு இரண்டு விதம். இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்பது ஒன்று. ‘ஐதர் ஆர் சர்வைவர்’ என்பது மற்றது, யாராவது ஒருவர் போட்டால் போதும், ஒருவர் போய்விட்டால் மீதி மற்றவருக்கு. ஆர்ச்சர்ஸ் முதல் விதத்தில் திறந்த கணக்கை விமர்சகர்கள் இரண்டாவது விதமாக நடத்திவிட்டார்கள். பவல் பேசினார், சுயசரிதை எழுதினார். ஸ்கார்ஸேஸி போன்ற பிரபலமான ரசிகர் அவருக்குக் கிடைத்தார். பிரஸ்பர்கர் சஃபோக் கிராமத்து வீட்டில் ஒதுங்கியிருந்து 1988இல் இறந்தார். பவல் 1990இல். கடைசியாக இருவரும் சேர்ந்து செய்தது 1972இல், ‘தி பாய் ஹூ டர்ன்ட் யெல்லோ’ என்ற குழந்தைகள் படம். அதற்கு முன் ஆஸ்திரேலியாவில் எடுத்த படத்தில் பிரஸ்பர்கர் தன் பெயரையே போடவில்லை. ரிச்சர்ட் இம்ரி என்ற புனைபெயர். பிறந்தபோது வைத்த இம்ரே என்ற பெயர் அதில் ஒளிந்திருக்கிறது.

என்னிடம் இருக்கும் பழைய இதழில் அந்தப் பதினொரு இடங்களையும் பேனாவால் திருத்திவிட்டேன். ஒன்பது இடங்களில் ‘அவர்கள்’ என்று மாற்றினாலே வாக்கியம் நின்றுவிடுகிறது. இரண்டு வாக்கியங்கள் நிற்கவில்லை. அவற்றை அடித்துவிட்டேன்.