கண்ணுக்கும் கல்வி வேண்டும்

“அதெல்லாம் பிறவியிலேயே வரவேண்டும், தம்பி! கையிலே வரம் இருந்தால்தான் வரும்!”

செஞ்சிக் கடைத்தெருவிலே, சுவரில் விளம்பர எழுத்துத் தீட்டிக்கொண்டிருந்த ஒருவரைச் சுற்றி நின்ற கூட்டத்திலிருந்து எழுந்த மொழி இது. சொன்னவர் பாராட்டாகத்தான் சொன்னார். தீட்டியவரும் புன்னகை பூத்தார். ஆனால், அந்தப் பாராட்டுக்குள்ளே ஒரு பூட்டு இருக்கிறது. வரம் பெற்றவன் உள்ளே, பெறாதவன் வெளியே! வரம் தந்தவர் யார், இவனுக்குத் தந்து அவனுக்கு மறுத்தது ஏன் என்று கேட்டால் விடை இல்லை. படிப்பு இன்ன குலத்தாருக்குத்தான் வரும் என்று பேசிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் பேச்சைப் பள்ளிக்கூட வாயிலிலிருந்து விரட்டினோம். அதே பேச்சு, பெயரை மாற்றிக்கொண்டு, கலைக்கூடத்தின் வாயிலிலே காவல் நிற்கிறது.

அந்தக் காவலை விரட்டும் ஆற்றல் ஒரு சிறு பாடத்துக்கு உண்டு. கலைக்கல்லூரிகளில் முதலாண்டு மாணவனுக்குச் சொல்லித்தரப்படும் தள வடிவமைப்பு என்பதே அந்தப் பாடம். நீளமும் அகலமும் மட்டுமே உடைய தட்டைத் தாளின்மீது புள்ளி, கோடு, உருவம், நிறம், இடைவெளி ஆகிய ஐந்தையும் எவ்வாறு அமைத்தால் கண் எவ்வாறு காணும் என்பதை ஆராய்வது அது. இதிலே திறனாய்வுக்கு என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கக்கூடும். பாடம் பகுத்தறிவுப் பாடம். அதைக் கற்பிக்கும் முறையோ பல இடங்களில் சடங்கு முறை. எனவேதான் எழுதுகிறோம்.

பகுத்தறிவுப் பாடம் என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். ஒரே சாம்பல் நிறத் தாளிலிருந்து இரு துண்டுகளை வெட்டுங்கள். ஒன்றைக் கறுப்புத் தாளின் நடுவிலும், மற்றதை வெள்ளைத் தாளின் நடுவிலும் வையுங்கள். கறுப்பின்மேல் இருப்பது வெளிறித் தோன்றும். வெள்ளையின்மேல் இருப்பது கருத்துத் தோன்றும். தாள் ஒன்று, தோற்றம் இரண்டு. “என் கண்ணாலேயே கண்டேன்” என்று அடித்துப் பேசுவோர்க்கு இதைவிட நல்ல மருந்து உண்டோ?

இந்த உண்மையை விளக்கியவர் கலைஞர் அல்லர், வேதியியல் அறிஞர். பாரிசு நகரத்துக் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824இல் தலைமை ஏற்ற செவ்ரோல் என்பார் அவர். கறுப்புச் சாயம் உரமாக இல்லை என்று குறை எழுந்தது. சாயத்தை ஆராய்ந்தார், அதில் பழுதில்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்யப்பட்டிருந்த நிறங்களே கறுப்பின் தோற்றத்தைக் கெடுத்தன என்று கண்டார். அருகருகே அமையும் நிறங்கள் ஒன்றன் தோற்றத்தை ஒன்று மாற்றும் என்ற விதியை 1839இல் நூலாக வெளியிட்டார். நம் ஊராக இருந்திருந்தால், சாயக்காரன் செய்த பாவம் என்றோ, தறிக்குப் பட்ட கண்ணேறு என்றோ கூறி எலுமிச்சம்பழம் கட்டியிருப்பார்கள். அவர் காரணத்தைத் தேடினார்; கண்ணின் இயல்பைக் கண்டுபிடித்தார்.

இப்படிக் காரணம் தேடுவதையே கலைக்கல்வியின் முதற்படியாக்கிய பள்ளி, 1919இல் செருமனியின் வைமார் நகரில் வால்டர் குரோப்பியஸ் நிறுவிய பௌஹவுஸ். எந்தத் துறைக்குச் செல்பவரும் முதலில் அடிப்படைப் பயிற்சி பெறவேண்டும் என்பது அங்கே விதி. யோகன்னஸ் இட்டன் தொடக்கிவைத்த அந்தப் பயிற்சியைப் பிற்காலத்தில் நடத்தியோருள் ஒருவர் யோசப் ஆல்பர்ஸ். நாசிகளின் நெருக்கடியால் 1933இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. ஆல்பர்ஸ் அமெரிக்கா சென்றார். வண்ணத் தாள்களை மாணவர் கையில் கொடுத்து, “வைத்துப் பார், மாற்றிப் பார், என்ன காண்கிறாய் என்று சொல்” என்னும் முறையிலே பாடம் நடத்தினார். அந்தப் பட்டறிவை 1963இல் நூலாக்கினார். அவரது வகுப்பிலே விதி முதலில் வரவில்லை; சோதனை முதலில் வந்தது.

இனி நம் பயிற்சிக்கூடத்துக்கு வருவோம். செஞ்சியை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து கலைக்கல்லூரிக்குச் சென்ற தோழர் ஒருவர், தம் முதலாண்டுத் தாள்களை நம்மிடம் விரித்துக் காட்டினார். கல்லூரியின் பெயர் நமக்குத் தேவையில்லை. ஒரு கூடத்தின் குறை மட்டும் அன்று இது. பன்னிரண்டு பகுதிகள் கொண்ட நிறவட்டம். கட்டம் கட்டமாகக் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஏறும் படிகள். கவராயத்தால் சுழற்றிய வட்டங்கள். போஸ்டர் கலர் திட்டுத் திட்டாகாமல், ஓரம் பிசிறாமல், அழகாகத்தான் இருந்தன.

“இந்த வட்டம் இந்தச் சதுரத்தின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருப்பது ஏன்?” என்று கேட்டோம்.

“அப்படித்தான் போடவேண்டும், அண்ணா. போன ஆண்டுத் தாளிலும் அப்படித்தான் இருந்தது” என்றார்.

அந்த விடை நம்மை வருத்தியது. போன ஆண்டுத் தாளைப் பார்த்து இந்த ஆண்டுத் தாள். இந்த ஆண்டுத் தாளைப் பார்த்து அடுத்த ஆண்டுத் தாள்! பொருள் தெரியாமல் மந்திரம் ஓதுவதற்கும் காரணம் தெரியாமல் நிறவட்டம் தீட்டுவதற்கும் என்ன வேறுபாடு? தூய்மைக்கு மதிப்பெண் உண்டு. துருவிக் கேட்பதற்கு இல்லை. கேள்வியால் பிறந்த பாடம் கேள்வியை மறந்துவிட்டது.

அந்தத் தோழர் வெறுங்கையுடன் கல்லூரிக்குச் சென்றவரும் அல்லர். செஞ்சியிலே மாலை நேரத்தில் நின்று பாருங்கள். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி மூன்றும் பாறையின் மேடுபள்ளம் மறைந்து, வெட்டி ஒட்டிய கறுப்புத் தாள்போல் நிற்கும். மலையை மட்டும் பார்க்கிறவன் பாதியைத்தான் பார்க்கிறான். இரு மலைகளுக்கு நடுவே சிக்கிய வானமும் ஓர் உருவம்தான்! உருவும் பின்புலமும் ஒன்றையொன்று ஆக்குகின்றன என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பலகையில் எழுதிக் காட்ட முடியும்? கோட்டைக்குள் இருக்கும் கலியாண மகாலைப் பாருங்கள். ஒரே வளைவு திரும்பத் திரும்ப வருகிறது. கோபுரமோ மேலே செல்லச் செல்லச் சிறுக்கிறது. திரும்ப வருதலும் படிப்படியாக மாறுதலும் தள வடிவமைப்பின் இரு பாடங்கள்.

இன்னும் பழைய பாடமும் உண்டு. செஞ்சிக்கு அண்மையிலுள்ள செத்தவரையிலும், விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் செல்லும் வழியிலுள்ள கீழ்வாலையிலும் தொல்பழங்கால மனிதர் பாறையில் தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. செத்தவரையில் மானும் மீனும். கீழ்வாலையில் செங்காவியில் மனித உருவங்கள். ஒளி நிழல் இல்லை; ஆழம் இல்லை. தேவையற்றதை நீக்கி, தேவையான கோட்டை மட்டும் நிறுத்திய தட்டை உருவங்கள் அவை. 1714இல் மாண்ட தேசிங்கு ராசனைப் பாடாத வாய் இந்தப் பகுதியில் இல்லை. மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக 2025இல் செஞ்சிக் கோட்டை உலக மரபுச் சின்னப் பட்டியலில் ஏறியபோது மகிழ்ந்தோம். ஆனால், பெயர் தெரியாத அந்தப் பாறை ஓவியனின் கோட்டை எத்தனை மாணவர்கள் நேரில் சென்று பார்த்திருக்கிறார்கள்?

வீட்டு வாயிலுக்கு வாருங்கள். நம் தாய்மார் புள்ளி வைத்துக் கோலம் இடுகிறார்கள். சமச்சீர், திருப்பம், இடைவெளி எல்லாம் அவர்கள் விரலில் இருக்கின்றன. அந்த விரலுக்குள்ளே விதி இருக்கிறது என்று கண்டு, கிப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களைப் பிறப்பிக்கும் இலக்கணத்தை 1974இல் கணித முறையில் ஆய்ந்து வெளியிட்டார்கள். இலக்குமி வருவாள் என்று இட்ட கோலத்தில் கணிதம் வந்து நின்றது! இதற்காக, எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே, வெளிநாட்டார் சொல்ல ஒன்றுமில்லை என்று மார்தட்டுவோமானால் அதுவும் மூடத்தனமே. கோலம் இட்டவர் விதியைக் கையால் அறிந்தார். செவ்ரோல் விதியைச் சோதித்துச் சொல்லால் அறிவித்தார். நம் மாணவனுக்கு இரண்டும் வேண்டும்.

வடிவமைப்பு ஏதோ பணக்கார வீட்டுச் சுவர் அலங்காரம் என்று எண்ணும் தோழர்களுக்கு இரண்டு செய்திகள் சொல்வோம். 1935இல் ‘குடிஅரசு’ ஏட்டில் பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். லை, னை, ணை போன்ற எழுத்துகளின் தலையில் யானைத் துதிக்கைபோல் வளைந்து நின்ற குறியை நீக்கி, மற்ற எழுத்துகளுக்கு உள்ள குறியையே இவற்றுக்கும் கொடுத்தார். அச்சுக் கோப்பவருக்கு எழுத்துகள் குறைந்தன. கற்கும் குழந்தைக்குச் சுமை குறைந்தது. 1978இல் தமிழ்நாடு அரசு அதை ஏற்றது. ஒரு கோட்டின் வடிவத்தைப் பற்றிய முடிவு அது. அதன் பயனோ கோடிக்கணக்கான கண்களுக்கு.

மற்றொன்று தேர்தல் சின்னம். 1951–52இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் வாக்குரிமை பெற்றோர் 17 கோடிக்கும் மேல்; அவருள் மிகப் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர். அவர்களுக்குக் கட்சியின் பெயரைச் சொன்னது எழுத்தன்று, படம். பிற்காலத்தில் தேர்தல் ஆணையத்தின் வரைவாளர் எம்.எஸ். சேத்தி, அன்றாடப் பொருள்கள் பலவற்றைக் கறுப்பு வெள்ளைச் சின்னங்களாக வரைந்தார். ஒரு கோடு மிகுந்தால் குழப்பம். ஒரு கோடு குறைந்தால் ஐயம். ஏழையின் வாக்கு எந்தப் பக்கம் விழும் என்பது அந்தக் கோட்டின் தெளிவைப் பொறுத்தது.

“விதியைப் படித்தவன் எல்லாம் கலைஞன் ஆகிவிடுவானா?” என்று கேட்பவர் உண்டு. ஆகமாட்டான். இலக்கணம் படித்தவன் எல்லாம் கவிஞன் ஆவதில்லை. அதனால் இலக்கணத்தை யாருக்கும் மறுக்கிறோமா? விதி கற்பனையைக் கொல்லும் என்பதும் பொய். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கி, இன்று பெரியார் நெடுஞ்சாலையில் நிற்கும் சென்னைக் கலைக்கல்லூரியின் முதல்வராக 1957இல் பொறுப்பேற்றவர் கே.சி.எஸ். பணிக்கர். அவரது ‘சொற்களும் குறிகளும்’ ஓவியங்களிலே எழுத்தும் கணிதக் குறியும் சாதகக் கட்டமும் தட்டைத் தளத்தின்மேல் வந்தன. சோதிடன் அச்சுறுத்தப் பயன்படுத்தும் கட்டம், ஓவியன் கையில் வெறும் கோடும் சதுரமுமாகித் தன் நஞ்சை இழந்தது! துறையூரை அடுத்த சிற்றூரிலிருந்து அதே கல்லூரிக்கு வந்து பயின்ற ஆதிமூலம், கறுப்புக் கோட்டின் வலிமையைத் தமிழ் ஏடுகளின் பக்கங்களுக்கும் நூல்களின் அட்டைகளுக்கும் கொண்டுவந்தார். பயிற்சி அவர்களைக் குறுக்கவில்லை.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு பயிற்சியும் ஒரு கேள்வியோடு தொடங்கட்டும். மாணவன் ஒரே சிக்கலுக்கு மூன்று விடை வரைந்து, எது நன்று, ஏன் நன்று என்று எல்லோர் முன்னும் காரணம் கூறட்டும். ஆசிரியரும் பிடித்தது பிடிக்கவில்லை என்று சொல்லாமல் காரணத்தோடு மறுக்கட்டும். உரோமன் எழுத்தை வைத்தே இடைவெளியைக் கற்பிக்காமல், தமிழ் எழுத்தின் வளைவையும் சுழியையும் கொண்டு கற்பிக்கட்டும். பாடநூல் தமிழில் வரட்டும். இந்த அடிப்படை உயர்நிலைப் பள்ளியிலேயே தொடங்கட்டும். நகரத்து மாணவன் தனிப்பயிற்சி பெற்று எழுதும் நுழைவுத் தேர்வில், செஞ்சி மாணவன் முதன்முறையாக நிறவட்டத்தைக் கண்டு விழிக்கும் நிலை ஒழியட்டும்.

அந்தத் தோழர் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது, அதே கடைத்தெருவில் சுவர் எழுதும் நண்பரிடம் அழைத்துச் சென்றோம். “இந்த மஞ்சள் எழுத்துக்குப் பின்னால் நீலம் கொடுத்தது ஏன்?” என்று தோழர் கேட்டார். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: “வெள்ளைமேல் மஞ்சள் எழுதினால் பத்தடி தள்ளி நின்றாலே தெரியாது, தம்பி. நீலம் கொடுத்தால் பேருந்தில் போகிறவனும் படிப்பான். பலமுறை எழுதி அழித்துக் கற்றுக்கொண்டது.”

வரம் என்று ஊரார் வியந்தது எது என்று இப்போது விளங்கிற்று. எழுதினார், அழித்தார், கற்றார். கூடத்திலே கற்பவனுக்கும் தெருவிலே கற்றவனுக்கும் உரியது ஒரே வழிதான். அந்த வழியில் பூட்டுப் போட எவருக்கும் உரிமை இல்லை.